பல்லுக்கு மயக்க மருந்தா? செடேஷன், முழு மயக்கம் பத்தி முதல்ல இருந்து கடைசி வரைக்கும்

"மேடம், பல்லுக்குத்தானே, அதுக்குப் போய் முழு மயக்கமா?" பல் டாக்டர் ரூம்ல இருந்து என்கிட்ட அனுப்பி வைக்கிற அப்பா அம்மால பாதிப்பேர் உட்காரும்போதே இதைக் கேட்டுடுவாங்க, மீதிப்பேர் கேக்காம குழந்தையை மடியில இறுக்கிப் பிடிச்சுகிட்டு என் முகத்தையே பாத்துட்டு இருப்பாங்க, அவங்க மனசுலயும் இதே கேள்விதான். நான் மயக்க டாக்டர். பல் கேஸுக்கு மயக்கம் குடுக்கிறது என் வேலைல பெரிய பங்கு. அந்தப் பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாத விஷயம் நிறைய இருக்கு, அதையெல்லாம் வரிசையா இங்க எழுதறேன், நிதானமா படிங்க, டாக்டரைப் பாக்கப் போகும்போது எதைக் கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது. வயித்துல ஆபரேஷன்னா சர்ஜன் வயித்துகிட்ட நிப்பாரு, நான் தலைமாட்டுல இருந்து மூச்சைப் பாத்துப்பேன், ரெண்டு பேருக்கும் இடம் வேற வேற. பல்லுல அப்படி இல்ல. பல் டாக்டருக்கும் வாய் வேணும், எனக்கும் வாய் வேணும். ட்ரில் தண்ணி, ரத்தம், உடைஞ்ச பல் துண்டு, பஞ்சு எல்லாமே மூச்சு போற பாதையோட வாசல்லயேதான் இருக்கு. அதனால "சின்ன வேலை, சின்ன மயக்கம்"னு பல் கேஸை யாரும் லேசா எடுத்துக்கக்கூடாது. எந்த மருந்துன்றது ரெண்டாவது கேள்வி, அந்த மருந்து உள்ள போன பிறகு மூச்சை மட்டும் பாக்கறதுக்குன்னு ஒரு ஆள் இருக்காங்களான்றதுதான் முதல் கேள்வி.

படி 1: உண்மையிலேயே தேவையான்னு பாருங்க

பெரும்பாலான பல் வேலைக்கு மரத்துப்போற ஊசி போதும். சொத்தை அடைக்கிறது, ரூட் கேனால், பல் எடுக்கிறது, எல்லாம் முழிச்சிருக்கும்போதே வலி இல்லாம பண்ணலாம். பெரியவங்க நிறையப் பேர் "பல் பிடுங்க மயக்கம் குடுப்பாங்களா"ன்னு கேக்கறது இந்த மரத்துப்போற ஊசியைத்தான், அது மயக்கமே இல்ல, அந்த இடத்து நரம்பை மட்டும் கொஞ்ச நேரம் பேசவிடாம வைக்கிறது.

அப்போ யாருக்கு மேல போகணும்? மூணு வயசுக் குழந்தைக்கு எட்டுப் பத்துப் பல்லு சொத்தை (ராத்திரி பால் பாட்டிலை வாயில வெச்சபடியே தூங்கின குழந்தைங்ககிட்ட முன் பல்லு வரிசையா கருப்பாகி நிக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க), ஆட்டிசம் இல்ல வளர்ச்சிக் குறைபாடு இருந்து சேர்ல உட்காரவே முடியாத பிள்ளைங்க, கண்ணாடியை நாக்குல வெச்சாலே குமட்டற பெரியவங்க, பயத்துல பத்து வருஷமா பல் டாக்டர் பக்கமே போகாம வாய் முழுக்கக் கெட்டுப்போனவங்க, எலும்புக்குள்ள படுத்துக் கிடக்கிற ஞானப்பல் நாலையும் ஒரே நாள்ல எடுக்கணும்னு இருக்கிறவங்க. இவங்களுக்கு செடேஷனோ (மருந்து குடுத்து சொக்க வைக்கிறது) முழு மயக்கமோ நியாயமான வழி. நாலு பேர் கை காலைப் பிடிச்சு அமுக்கி வெச்சு ஒரு குழந்தைக்குப் பல் வேலை பண்றதைவிட மயக்கம் குடுத்துப் பண்றது எவ்வளவோ மேல், அந்தப் பயம் அந்தப் பிள்ளைக்கு வளர்ந்த பிறகும் போகாது.

ஆனா ஒரே ஒரு சின்ன சொத்தைக்கு, குழந்தை கொஞ்சம் அழுவுதுன்றதுக்காக நேரா முழு மயக்கம்னு சொன்னா, வேற வழி எதுவும் முயற்சி பண்ணீங்களான்னு கேளுங்க. கேக்கறது தப்பில்ல.

படி 2: மயக்கம்ன்றது ஒரு படிக்கட்டுன்னு புரிஞ்சுக்கோங்க

செடேஷனும் முழு மயக்கமும் தனித்தனி அறை இல்ல, ஒரே படிக்கட்டோட நாலு படி. முதல் படில பதட்டம் மட்டும் குறையும், பேசினா சாதாரணமா பதில் சொல்லுவாங்க. ரெண்டாவது படில கண்ணு சொக்கும், ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, லேசா தட்டினா, கண்ணைத் திறந்து சொன்னதைச் செய்வாங்க, மூச்சு தானா ஒழுங்கா போகும். மூணாவது படி ஆழமான செடேஷன், திரும்பத் திரும்ப உலுக்கினாதான் அசைவாங்க, தொண்டை தளர்ந்து மூச்சு அடைக்க வாய்ப்பு இருக்கு. நாலாவது படி முழு மயக்கம், என்ன பண்ணாலும் முழிக்க மாட்டாங்க, மூச்சுக்கு நாங்கதான் பொறுப்பு.

இதுல நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்றது, ரெண்டாவது படின்னு நினைச்சுக் குடுக்கிற அதே அளவு இன்னொரு குழந்தையை மூணாவது படில கொண்டுபோய் நிறுத்திடும். எடை ஒண்ணு, வயசு ஒண்ணு, மருந்து ஒண்ணு, ஆனா உடம்பு வேற. அதனால எந்தப் படியை நினைச்சு மருந்து குடுக்கிறோமோ, அதுக்கு அடுத்த படில போய் விழுந்தாலும் தூக்கி நிறுத்தத் தெரிஞ்ச ஆளும் சாமானும் அதே ரூம்ல இருக்கணும்.

படி 3: எந்த வழின்னு தெரிஞ்சுக்கோங்க

சிரிப்பு வாயு, அதாவது நைட்ரஸ் ஆக்ஸைடு. மூக்கு மேல ஒரு சின்ன மாஸ்க், அது வழியா ஆக்ஸிஜனும் இந்த வாயுவும் கலந்து வரும். முதல்ல வெறும் ஆக்ஸிஜன், அப்புறம் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க, பொதுவா 30ல இருந்து 50 சதவீதத்துக்குள்ளயே வேலை முடிஞ்சிடும். கை கால் விரல் நுனி குறுகுறுன்னு இருக்கும், உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கும், முகத்துல ஒரு புன்னகை வரும். செடேஷனுக்குன்னு செஞ்ச மிஷின்ல ஆக்ஸிஜன் 30 சதவீதத்துக்குக் கீழ போக விடாது, ஆக்ஸிஜன் நின்னுட்டா வாயுவும் தானா நின்னுடும். முடிஞ்சதும் ஒரு 5 நிமிஷம் வெறும் ஆக்ஸிஜன் குடுத்தா தெளிஞ்சிடும். எல்லா வழியிலயும் இதுதான் லேசானது. ஆனா மூக்கால மூச்சு விடத் தெரிஞ்ச, சொன்னாக் கேக்கற குழந்தைக்குத்தான் ஆகும். கத்தி அழுதுட்டு இருக்கிற ரெண்டு வயசுக் குழந்தை வாயால மூச்சு விடும், அதுக்கு இது வேலைக்கு ஆகாது. சளி பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தாலும் இதே பிரச்சனைதான். கர்ப்பத்தோட முதல் மூணு மாசம், சமீபத்துல காது ஆபரேஷன், கண்ணு விழித்திரை ஆபரேஷன்ல உள்ள வாயு நிரப்பினவங்க, இவங்களுக்கெல்லாம் குடுக்கக்கூடாது. இந்த வாயு பி12 வைட்டமினை வேலை செய்யவிடாம பண்ணும், ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு ஒரு தடவை அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது, ஆனா நம்ம ஊர்ல சுத்த சைவம் சாப்பிடறவங்ககிட்ட பி12 குறைவு சகஜமா இருக்கு, முன்னாடியே டெஸ்ட்ல குறைவுன்னு வந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க.

இந்த வாயுவோட கதையே பல்லுல இருந்துதான் ஆரம்பிக்குது, சொல்லாம போக மனசு வரல. அமெரிக்கால ஹார்ட்ஃபோர்டுன்ற ஊர்ல ஹோரஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டர், 1844 டிசம்பர் 10 அன்னிக்கு ஒரு வேடிக்கை நிகழ்ச்சிக்குப் போறாரு, அங்க சிரிப்பு வாயுவை இழுத்த ஒரு ஆளு கால்ல அடிபட்டதுகூடத் தெரியாம நிக்கறதைப் பாக்கறாரு, மறுநாளே அந்த வாயுவை இழுத்துட்டு தன்னோட சொந்தப் பல்லையே இன்னொரு பல் டாக்டரை விட்டுப் பிடுங்க வெச்சாரு, வலி தெரியல. அடுத்த மாசம் பாஸ்டன்ல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டப்போனப்போ நோயாளி கத்திட்டாரு, பாத்துட்டு இருந்தவங்க மோசடின்னு கூச்சல் போட்டாங்க. அந்த வாயு மட்டுமே ஒரு ஆளை முழுசா மயங்க வைக்கிற அளவுக்கு பலமானது இல்ல, சாதாரண காத்தழுத்தத்துல ஒருத்தரை அது தனியா மயங்க வைக்கணும்னா கணக்குப்படி 104 சதவீதம் வேணும், அதாவது வெறும் அந்த வாயுவையே குடுத்தாலும் பத்தாது, ஆக்ஸிஜனுக்கு இடமும் இருக்காது. அதனாலதான் இன்னிக்கும் பல் வேலைல அதைத் தனியா குடுக்கிறது செடேஷனுக்கு மட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு, 1846 அக்டோபர் 16ல, அதே பாஸ்டன்ல மார்ட்டன்ன்ற இன்னொரு பல் டாக்டர் ஈதர்ன்ற மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ண வெச்சு ஜெயிச்சாரு. நான் பாக்கற தொழிலையே பல் டாக்டர்ங்கதான் தொடங்கி வெச்சாங்க.

அடுத்தது வாய் வழியா குடுக்கிற மருந்து. மிடாசோலம் நிறைய இடத்துல குடுப்பாங்க, கசக்கும், அதனால தேன்லயோ இனிப்பு சிரப்லயோ கலந்து, பொதுவா கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்குல. இருபது முப்பது நிமிஷத்துல சொக்கும், நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. சில குழந்தைங்க சொக்காம நேர் எதிரா முரட்டுத்தனமா ஆயிடும், அதுவும் தெரிஞ்ச விஷயம்தான், உங்க குழந்தை மேல தப்பு இல்ல. இதுல உள்ள கஷ்டம், வயித்துக்குள்ள போன மருந்தை திரும்ப எடுக்க முடியாது, எவ்வளவு ரத்தத்துல ஏறும்னு முன்கூட்டியே சொல்லவும் முடியாது. "இன்னும் தூங்கலையே, இன்னொரு மூடி குடுப்போம்"னு குடுத்தா ரெண்டும் சேர்ந்து ஒண்ணா ஏறும்.

ஒரு தடவை நடந்ததைச் சொல்றேன், எந்த இடம்னு வேண்டாம். நாலு வயசுப் பையன், தூக்க சிரப்பை வீட்டுலயே குடுத்துக் கூட்டிட்டு வந்துடுங்கன்னு ஒரு கிளினிக்ல சொல்லியிருக்காங்க. அப்பா பைக் ஓட்ட, நடுவுல பையன், பின்னாடி அம்மா. வழியிலயே தூங்கிட்டான், தலை முன்னாடி தொங்கி தாடை நெஞ்சுல போய் முட்டியிருக்கு, டிராஃபிக்ல அம்மாவுக்கு அவன் முகம் தெரியல. எங்க ஆஸ்பத்திரி வழியில இருந்ததால உள்ள தூக்கிட்டு ஓடி வந்தாங்க, உதடு நீலமா இருந்துச்சு. தாடையைத் தூக்கிப் பிடிச்சு ஆக்ஸிஜன் வெச்சதும் ரெண்டு நிமிஷத்துல நிறம் திரும்பிடுச்சு, பையன் இப்போ நல்லா இருக்கான், ஆனா அந்த அம்மா தரையில உட்கார்ந்து அவன் செருப்பை நெஞ்சுல வெச்சுகிட்டு அழுதது எனக்கு மறக்கல. தூக்க மருந்தை வீட்டுல குடுக்கவே குடுக்காதீங்க, யார் சொன்னாலும். மருந்து வாய்க்குள்ள போற நிமிஷத்துல இருந்து குழந்தை ஆளும் ஆக்ஸிஜனும் இருக்கிற இடத்துல இருக்கணும்.

நரம்பு வழியா, அதாவது ரத்தக்குழாய்ல ஊசி போட்டு குடுக்கிறது இன்னும் கட்டுப்பாடானது, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வேண்டிய இடத்துல நிறுத்தலாம். பெரியவங்களுக்கு ஞானப்பல் எடுக்க இது நல்ல வழி. மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில்னு அதோட வேலையை முறிக்கிற மாத்து மருந்து இருக்கு, ஆனா அது சீக்கிரம் வேலையை முடிச்சிடும், மிடாசோலம் மிச்சம் இருக்கும், மறுபடி சொக்கிடுவாங்க, அதனால மாத்து மருந்து போட்டவங்களை இன்னும் அதிக நேரம் உட்கார வெச்சுதான் அனுப்பணும். ப்ரொப்போஃபால், பால் மாதிரி வெள்ளையா இருக்குமே அது, அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. மேல சொன்ன மயக்கப் படிக்கட்டுல ரெண்டாவது படிக்கும் நாலாவது படிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அதுல ரொம்பக் குறைவு. 2009ல மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்துலதான், வீட்டு பெட்ரூம்ல, ஒழுங்கான கண்காணிப்பு இல்லாம. மருந்து அருமையான மருந்து, நான் தினமும் குடுக்கிறேன், ஆனா அது மயக்க டாக்டர் கையில மட்டும் இருக்கணும்.

கடைசியா முழு மயக்கம். நிறைய பல்லு, சின்ன வயசு, நீளமான வேலைன்னா என்னைக் கேட்டா அரைகுறை செடேஷனைவிட ஒழுங்கான முழு மயக்கம்தான் பாதுகாப்பு, ஏன்னா மூச்சுக்குழாயில ட்யூப் இருக்கும், வாய்ல என்ன தண்ணி ஓடினாலும் நுரையீரலுக்குப் போகாது. ஆனா அது ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் தியேட்டர்ல நடக்கணும். இங்கிலாந்துல 2001 முடிவோட பல் கிளினிக்ல முழு மயக்கம் குடுக்கிறதையே நிறுத்திட்டாங்க, அதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில மட்டும்தான்.

கிளினிக்லயே செடேஷன்னு சொன்னா இதைக் கேளுங்க: மருந்து குடுத்த பிறகு பல் வேலை பாக்காம மூச்சை மட்டும் பாக்கறது யாரு? அமெரிக்கால குழந்தை டாக்டர்கள் சங்கமும் குழந்தைப் பல் டாக்டர்கள் சங்கமும் சேர்ந்து 2019ல புதுப்பிச்ச வழிமுறையில, ஆழமான செடேஷன்னா அதுக்குன்னு பயிற்சி வாங்கின தனி ஆள் ஒருத்தர் வேணும்னே எழுதிட்டாங்க. பல் டாக்டரே பல்லையும் பாத்து, மானிட்டரையும் பாத்து, மருந்தும் குடுக்கிறாருன்னா அந்த இடம் வேண்டாம். ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்க இருக்கு, உறிஞ்சற மிஷின் கரண்ட் போனா ஓடுமா, குழந்தை அளவு மாஸ்க் இருக்கா, ஏதாவது ஆனா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காம பதில் சொல்ற இடம் நல்ல இடம்.

படி 4: எங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க

மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி பாக்கறதுக்குப் பேரு ஃபிட்னஸ். ரத்த டெஸ்ட்டைவிட நீங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம். குறட்டை விடுதா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா, டான்சில் பெருசா இருக்கா. வீசிங் உண்டா, பஃப் வெச்சிருக்கீங்களா. வலிப்பு, இதயத்துல ஓட்டை, அடிபட்டா ரத்தம் நிக்காத பழக்கம். அப்புறம், குடும்பத்துல யாருக்காவது மயக்கம் குடுத்தப்போ ஜுரம் பயங்கரமா ஏறினதோ உயிருக்கே ஆபத்தானதோ உண்டா, அது பெரியப்பா பையனா இருந்தாலும் சொல்லுங்க. சில குடும்பத்துல குறிப்பிட்ட மயக்க மருந்துங்க உடம்பைக் கொதிக்க வைக்கும், பரம்பரையா வர்ற விஷயம், முன்னாடியே தெரிஞ்சா அந்த மருந்தைத் தொடாமலே மயக்கம் குடுக்கலாம்.

வாயை 'ஆ'ன்னு திறக்கச் சொல்லி நாக்கை நீட்டச் சொல்லுவேன், நிறையப் பேர் தொண்டைல புண்ணான்னு கேப்பாங்க. உள்நாக்கு எவ்வளவு தெரியுதுன்னு பாத்து ட்யூப் போடறது சுலபமா கஷ்டமான்னு சில நிலையா பிரிக்கிற முறை அது, மல்லம்பட்டி ஸ்கோர்னு பேரு, 1985ல அதை வெளியிட்டவர் ஆந்திராவில பிறந்து பாஸ்டன்ல வேலை பாத்த மயக்க டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி. ஆடற பால் பல்லு இருந்தா இப்பவே காட்டுங்க, ட்யூப் போடும்போது கழண்டு உள்ள போயிடக்கூடாது.

சளி. இதுலதான் எனக்கும் பெத்தவங்களுக்கும் சண்டை வரும். லீவு போட்டிருப்பாங்க, ஊர்ல இருந்து வந்திருப்பாங்க, "லேசா மூக்கு ஒழுகுது அவ்வளவுதான்"னு சொல்லுவாங்க. தெளிவா தண்ணி மாதிரி ஒழுகி குழந்தை விளையாடிட்டு இருந்தா நான் பாத்து முடிவு பண்ணுவேன், ஆனா ஜுரம், மஞ்சள் சளி, நெஞ்சுல சத்தம், ஈர இருமல்னா தள்ளித்தான் வைப்பேன், பொதுவா ரெண்டுல இருந்து நாலு வாரம். சளி இருக்கிற குழந்தைக்கு குரல்நாண் திடீர்னு இறுகி மூடிக்கும், காத்தே போகாது, சின்னக் குழந்தை எடைக்கு எடை பாத்தா பெரியவங்களை மாதிரி ரெண்டு மடங்கு வேகத்துல ஆக்ஸிஜனைச் செலவு பண்ணும், சில நொடிலயே நிறம் மாற ஆரம்பிச்சிடும். பல்லு ரெண்டு வாரம் காத்திருக்கும்.

பெரியவங்க, சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் பையோட எடுத்துட்டு வாங்க. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, பல் பிடுங்கறதுக்காக நிறுத்தி இதய ரத்தக்குழாய்ல வெச்ச ஸ்டென்ட் அடைச்சுப் போனா அது பல்லைவிடப் பெரிய வினை. சுகர் மாத்திரை எதை எப்போ நிறுத்தணும்னு கேளுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு, சிலதை மூணு நாள் முன்னாடியே நிறுத்தணும். எடை குறையறதுக்கு வாரம் ஒரு ஊசி போட்டுக்கறவங்க அதையும் சொல்லுங்க, அது சாப்பாட்டை வயித்துலயே தேக்கி வைக்கும்.

மூளை வளர்ச்சி பாதிக்குமான்னு கேக்காத அம்மா இல்ல. 2016ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மூணு வயசுக்குக் கீழ மூணு மணி நேரத்துக்கு மேலயோ திரும்பத் திரும்பவோ மயக்கம் குடுத்தா பாதிப்பு இருக்கலாம்னு எச்சரிக்கை குடுத்தாங்க. 2019ல வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வுல, கைக்குழந்தையா இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குக் கம்மியா மயக்கம் வாங்கின பிள்ளைங்களை அஞ்சு வயசுல சோதிச்சுப் பாத்தா வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு. நான் இதுல இருந்து எடுத்துக்கறது, எல்லாப் பல்லையும் ஒரே தடவைல முடிச்சிடணும், அரைகுறையா முடிச்சு ஆறு மாசத்துல மறுபடி மயக்கம்னு வரக்கூடாது. பல் டாக்டர்கிட்ட "எல்லாம் ஒரே தடவைல முடியுமா"ன்னு கேளுங்க.

படி 5: பட்டினி

மயங்கின உடம்புக்கு இருமவும் தெரியாது, முழுங்கவும் தெரியாது. வயித்துல இருக்கிறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். அதுக்குத்தான் பட்டினி, வேற எதுக்கும் இல்ல.

தெளிஞ்ச தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். தாய்ப்பால் 4 மணி நேரம். பசும்பால், பவுடர் பால், இட்லி மாதிரி லேசான சாப்பாடு 6 மணி நேரம். பூரி, பிரியாணி, கறி மாதிரி எண்ணெய்ச் சாப்பாடு 8 மணி நேரம்.

இப்போ நம்ம வீட்டுல எங்க தப்பு நடக்குதுன்னு பாப்போம். டீ, காபி தண்ணி கணக்கு இல்ல, அதுல பால் இருக்கு. கஞ்சி தண்ணி கணக்கு இல்ல. ஹார்லிக்ஸ் தண்ணி கணக்கு இல்ல. விடியக்காலைல குழந்தை அழுததும் பாட்டி மனசு கேக்காம ஒரு பிஸ்கட்டை வாயில வெச்சுடுவாங்க, யாருக்கும் சொல்ல மாட்டாங்க, பாசம்தான், ஆனா நான் மாஸ்க் வெச்ச பிறகு அந்த பிஸ்கட் வாந்தியா வெளிய வந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. வீட்டுல எல்லாரையும் உட்கார வெச்சு சொல்லிடுங்க, தலையணை அடியில, பைக்குள்ள எதுவும் இல்லாம பாத்துக்கோங்க. குடுத்துட்டா மறைக்காம சொல்லிடுங்க, நான் திட்ட மாட்டேன், நேரத்தைத் தள்ளி வைப்பேன், அவ்வளவுதான்.

அதே மாதிரி அளவுக்கு மீறியும் பட்டினி போடாதீங்க. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் பதினோரு மணிக்கு மயக்கம்னா அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி இல்லாம குழந்தை துவண்டு போயிடும், நரம்பும் கிடைக்காது. 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் தண்ணி குடுங்க.

படி 6: தியேட்டர் கதவுக்கு உள்ள

நிறைய இடத்துல அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் குழந்தை தூங்கற வரைக்கும் உள்ள வரலாம். குழந்தையை உங்க மடியில உட்கார வெச்சு, முதுகு உங்க நெஞ்சுல சாஞ்சபடி, நான் மாஸ்க்கை முகத்துகிட்ட கொண்டு வருவேன். உள்பக்கம் ஸ்ட்ராபெரி வாசனை தடவியிருப்பேன், பலூன் ஊதற மாதிரி ஊதுன்னு சொல்லுவேன். அரை நிமிஷம் கழிச்சு கண்ணு மேல சுழலும், கை கால் கொஞ்சம் உதறும், மூச்சு கர்ருன்னு சத்தம் போடும், அந்த நேரத்துல அம்மாங்க பயந்துடுவாங்க. அது மயக்கத்துக்குள்ள போற வழியில வர்ற ஒரு கட்டம், குழந்தைக்கு எதுவும் தெரியாது. கை தளர்ந்து எடை கூடின மாதிரி மடியில விழும், அப்போ நான் "முத்தம் குடுத்துட்டுப் போங்கம்மா"ன்னு சொல்லுவேன். ஊசி குத்தி நரம்பு எடுக்கிறது அதுக்கு அப்புறம்தான், குழந்தைக்கு அந்த வலி தெரியவே தெரியாது.

வாய்க்குள்ள வேலைன்றதால ட்யூபைப் பெரும்பாலும் மூக்கு வழியா போடுவேன். எந்த மூக்குத் துவாரம் நல்லா இருக்குன்னு முன்னாடியே பாத்து, ரத்தக்குழாய் சுருங்க சொட்டு மருந்து விட்டு, ட்யூபை வெதுவெதுப்பான சலைன்ல போட்டு மெத்துன்னு ஆக்கிட்டு உள்ள விடுவேன். கண்ணு காயாம ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்டுவேன்.

அப்புறம் தொண்டைக்குள்ள ஈரமான நாடா மாதிரி கட்டுத்துணி ஒண்ணு வைப்போம், அதை "பேக்"னு சொல்லுவோம், தண்ணியும் ரத்தமும் பல் துண்டும் கீழ போகாம. வெச்சதும் போர்டுல "பேக் உள்ள"ன்னு நேரத்தோட எழுதுவோம், துணியோட வால் வாய்க்கு வெளிய தொங்கும், குழந்தை நெத்தில ஒரு ஸ்டிக்கர். எடுக்கும்போது நானும் பல் டாக்டரும் நர்ஸும் மூணு பேரும் சத்தமா "பேக் எடுத்தாச்சு"ன்னு சொன்ன பிறகுதான் போர்டுல அடிப்போம். அந்தத் துணியை மறந்து உள்ளயே விட்டுட்டு ட்யூபை எடுத்தா மூச்சு அடைச்சிடும், அதனால இந்தச் சின்ன விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்.

மயங்கி இருந்தாலும் மரத்துப்போற ஊசியும் போடுவாங்க, முழிக்கும்போது வலி இருக்கக்கூடாதுன்னு. அதுக்கும் எடைக் கணக்கு உண்டு. குழந்தைப் பல் டாக்டர்ங்க வழக்கமா லிக்னோகெயின் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல போக மாட்டாங்க. 15 கிலோ குழந்தைக்கு மொத்தமே 66 மில்லிகிராம், 2 சதவீத மருந்துல அது 3.3 மில்லிதான். நாலு மூலையிலயும் தாராளமா போட்டா எவ்வளவு சீக்கிரம் அந்த எல்லை வந்துடும் பாருங்க. அதனாலதான் உங்க குழந்தையோட எடையை அன்னிக்குக் காலைல மறுபடி பாக்கறது.

விரல்ல மாட்டற கிளிப் உங்களுக்குத் தெரியும், கொரோனா சமயத்துல வீட்டுக்கு வீடு வாங்கி வெச்சிருந்தோம். அது நல்ல கருவி, ஆனா அதுல ஒரு குறை இருக்கு, ஆக்ஸிஜன் ஓடிட்டு இருக்கிற ஆளுக்கு மூச்சு நின்னுட்டாகூட அது கொஞ்ச நேரத்துக்கு 99னே காட்டிட்டு இருக்கும், உள்ள இருக்கிற கையிருப்பு தீர்ற வரைக்கும். மூச்சு வெளிய வருதான்னு மூச்சுக்கு மூச்சு காட்டறது கேப்னோகிராஃப்னு ஒரு கருவி, வெளிய வர்ற கரியமிலவாயுவை அலை அலையா திரையில வரையும். அலை படுத்துடுச்சுன்னா அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆழமான செடேஷனுக்கும் இது வேணும், கிளினிக்ல இருக்கான்னு கேளுங்க.

படி 7: முழிக்கிற நேரம்

வாய் முழுக்க வேலைன்னா ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், வெளிய உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது ஆறு மணி நேரம் மாதிரி இருக்கும். உள்ள கூப்பிடும்போது குழந்தை சிரிச்சுட்டு இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. ரெண்டுல இருந்து ஆறு வயசுக்குள்ள நிறையக் குழந்தைங்க முழிக்கும்போது கத்தும், உதைக்கும், உங்களையே அடையாளம் தெரியாத மாதிரி பாக்கும், நரம்புல இருக்கிற ஊசியைப் பிடுங்கப் பாக்கும். மயக்க வாயு வெளிய போற நேரத்துல வர்ற குழப்பம், பெரும்பாலும் அரை மணிக்குள்ள அடங்கிடும், குழந்தைக்கு அது ஞாபகமும் இருக்காது. கேள்வி மேல கேள்வி கேக்காம, மடியில எடுத்து, இருட்டா அமைதியா வெச்சுக்கோங்க, வழக்கமா பாடற தாலாட்டையே பாடுங்க.

மூக்குல லேசா ரத்தம் வரும், எச்சில்ல சிவப்பு கலந்து வரும், தொண்டை ஒரு நாள் கரகரன்னு இருக்கும், குரல் கம்மும். முழுங்கின ரத்தம் ஒரு தடவை பழுப்பா வாந்தியா வரலாம்.

படி 8: வீட்டுக்கு

நல்லா தெளிஞ்சு, கூப்பிட்டா திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சு, வாந்தி இல்லன்னாதான் அனுப்புவோம். பைக் வேண்டாம். கார், ஆட்டோ எதுவா இருந்தாலும் ஓட்டறவங்க தவிர இன்னொரு பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து குழந்தையோட தாடை நெஞ்சுல தொங்காம பாத்துட்டே வரணும். பெரியவங்களா இருந்தா 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டறது, மிஷின் வேலை, பத்திரத்துல கையெழுத்து போடறது, குடிக்கிறது எதுவும் கூடாது, தெளிவா இருக்கிற மாதிரிதான் தோணும், ஆனா முடிவெடுக்கிற புத்தி இன்னும் முழுசா திரும்பியிருக்காது.

உதடும் கன்னமும் ரெண்டு மூணு மணி நேரம் மரத்திருக்கும், குழந்தை என்னமோ ரப்பர் மாதிரி இருக்கேன்னு கடிச்சுப் பாக்கும், சாயந்திரம் உதடு வீங்கி வெள்ளையா புண்ணாகி நிக்கும், இதைப் பாத்துட்டு அலர்ஜின்னு ராத்திரி ஓடி வர்றவங்க நிறைய. அந்த மூணு மணி நேரம் பக்கத்துலயே இருந்து கவனிங்க. முதல்ல தண்ணி, அப்புறம் ஆறின கஞ்சி, தயிர் சாதம். வலிக்கு பாரசிட்டமால் எடைக்கு எழுதிக் குடுத்திருப்போம், வலி வந்த பிறகு குடுக்கலாம்னு விடாம முதல் நாள் நேரத்துக்குக் குடுங்க. ஆஸ்பிரின் குழந்தைக்குக் குடுக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி தூக்க மருந்தோ தூக்கம் வரவைக்கிற சளி சிரப்போ வேண்டாம்.

கூப்பிட்டா முழிக்காத தூக்கம், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குறது, உதடு நிறம் மாறுறது, பஞ்சை அரை மணி கடிச்சும் நிக்காத ரத்தம், நிக்காத வாந்தி, ஏறிட்டே போற ஜுரம். இதுல எது வந்தாலும் காலைல பாக்கலாம்னு காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க, மூச்சோ நிறமோ சரியில்லன்னா 108. டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்கிற நம்பர் பகல் நம்பரா ராத்திரியும் எடுப்பாங்களான்னு அங்கயே நின்னு ஒரு தடவை அடிச்சுப் பாத்துட்டுக் கிளம்புங்க.